நடுவில் கிடந்த நாற்பத்து மூன்று

குரு கிழவராகவும் சீடன் இளைஞனாகவும் இருப்பார்கள் என்று உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இந்தப் பிழையை இனியும் பொறுப்பதற்கில்லை. பேராசிரியர் நப்பின்னைக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் கணினி கற்க வந்த டாக்டர் பிச்சாண்டிக்கு ஐம்பத்தொன்பது. முப்பது வருடம் நுண்ணோக்கியில் செல்களைப் பார்த்து ஓய்வு பெற்றவர்.

“மேடம், நடுவுல கொஞ்சம் குப்பை கிடக்கு. தூக்கிரட்டுமா?” என்றார் பிச்சாண்டி.

திரையில் இருந்தவை அமலோற்பவம் என்ற நோயாளியின் ஈரல் செல்கள். ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்த்து, ஒத்தவற்றைக் கணினி அருகருகே புள்ளிகளாக வைத்திருந்தது.

இடப்பக்கம் ஒரு கூட்டம், நல்ல செல்கள். வலப்பக்கம் ஒரு கூட்டம், கெட்டுப்போனவை. நடுவில் எதிலும் சேராமல் நாற்பத்து மூன்று புள்ளிகள்.

அவருக்குக் கொடுத்துவரும் புதிய மருந்து பலன் தரவில்லை என்று தெரிந்தால் திங்கட்கிழமை நிறுத்திவிடுவார்கள். பலன் எதுவும் பிச்சாண்டியின் கண்ணில் படவில்லை.

நப்பின்னை ஆய்வகத்தின் பெயர்ப்பட்டியலைக் கொடுத்து, அவரவர் செய்யும் வேலையை வைத்துப் பிரித்துத் தரச் சொன்னார்.

பிச்சாண்டி பிரித்தார். கணினிக்காரர்கள் பதினாறு பேர். மருத்துவர்கள் ஒன்பது பேர். ஒரு பெயர் மிஞ்சியது.

“அது யாரு?”

“நான்தான் மேடம். டாக்டர் வேலையை விட்டாச்சு. கம்ப்யூட்டர் இன்னும் பிடிபடல.”

“சரி,” என்று பட்டியலை வாங்கிக்கொண்டார் நப்பின்னை.

மறுநாள் காலை வாசலில் காவலர் சவரிமுத்து கையை நீட்டித் தடுத்தார்.

“லிஸ்ட்ல உங்க பேர் இல்ல சார்.”

“முந்தாநாள் வடை வாங்கிக் கொடுத்தேனே, ஞாபகமில்லையா?”

“வடை ஞாபகமிருக்கு சார். பேர் இல்ல.”

அரைமணி நேரம் வெயிலில் நின்றார் பிச்சாண்டி. நப்பின்னை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“என்னை ஏன் மேடம் தூக்கினீங்க?”

“நடுவுல கிடந்தீங்க.”

“கிடக்கல மேடம். போய்க்கிட்டிருக்கேன்.”

“எந்தப் பக்கமா?”

பதில் சொல்ல வாயைத் திறந்த பிச்சாண்டிக்குத் திரையின் நடுவில் கிடந்த புள்ளிகள் நினைவுக்கு வந்தன. பிறகு சவரிமுத்துவின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே ஓடினார்.

மாலைவரை அந்த நாற்பத்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கெட்ட செல்லுக்குரிய மரபணுக்கள் அவற்றில் ஓய்ந்துகொண்டிருந்தன. நல்ல செல்லுக்குரியவை அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருந்தன.

திங்கட்கிழமை அமலோற்பவத்துக்கு மருந்து வழக்கம்போல வந்தது. கசக்கிறது என்று நர்ஸிடம் குறைபட்டுக்கொண்டார்.