மழுங்கிய போல்ட்டும் தலைவர் பேட்ஜும்

காலனித் தலைவர் திருஞானத்துக்குத் தன் காரில் புது சீட் மாட்ட ஆசை வந்தது. மெக்கானிக் எதற்கு, வாட்ச்மேன் மகன் அழகேசன் இன்ஜினியரிங் படித்தவனாயிற்றே என்று அவனைக் கூப்பிட்டுவிட்டார்.

பழைய சீட்டைக் கழற்ற அவர் கொடுத்த ஸ்பேனர், போல்ட்டைவிட ஒரு சைஸ் பெரிது. அதைச் சொல்ல அழகேசனுக்கு வாய் வரவில்லை. இரண்டு முறை திருப்பியதும் போல்ட்டின் தலை மழுங்கி, ஸ்பேனர் சும்மா சுற்றியது.

"இதுக்குத்தான் நாலு வருஷம் படிச்சியா?" என்றார் தலைவர். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். கேட் அருகே நின்ற அப்பா தரையைப் பார்த்தார்.

"இந்த ஸ்பேனராலயே கழட்டு. என் காருல என் சாமானைத் தவிர வேற எதுவும் படக்கூடாது. போல்ட் வரலைன்னா, நாளையிலேருந்து உங்கப்பாவும் வர வேண்டாம்."

"உங்க சாமான்னா பரவாயில்லைங்களா, ஐயா?"

"அதைத்தானே சொல்றேன்!"

"அப்ப சட்டையில குத்தியிருக்கிற பேட்ஜைக் கொடுங்க."

'தலைவர்' என்று பொறித்த பித்தளைத் தகடு அது. திருஞானம் முறைத்துக்கொண்டே கொடுத்தார். அழகேசன் அதை ஸ்பேனருக்கும் போல்ட்டுக்கும் நடுவே செருகி, மூச்சைப் பிடித்துத் திருப்பினான். கிறீச்சென்று போல்ட் கழன்றது. தகடு நெளிந்துபோனது.

"அடப்பாவி, என்னடா பண்ணின?"

"நீங்க கொடுத்த ஸ்பேனர் ரொம்பப் பெரிசுங்க, ஐயா. தலைவர் உள்ள போனப்புறம்தான் சரியா உட்கார்ந்துச்சு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவரின் கை சட்டையில் பேட்ஜ் இருந்த இடத்தை மூடிக்கொண்டது. அப்பா அப்போதும் பழக்கத்தில் அவருக்கு சல்யூட் வைத்தார். அழகேசன் நிமிரவே இல்லை. அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்தான்.