இரண்டு சவ்வுகளும் குழாய்த் தண்ணீரும்

“ஒண்ணு அவர் இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும், மேடம்.”

சிதம்பரதாணு எடுத்த எடுப்பில் இப்படித்தான் ஆரம்பித்தார். ஐம்பதைத் தாண்டியபின் முனைவர் பட்டத்துக்கு ஆசைப்பட்டு வந்த சீடர். குரு ஜெயசெல்வி அவரைவிட வயதில் சிறியவர். அதனால் குரு சீடரை ‘சார்’ என்பார், சீடர் குருவை ‘மேடம்’ என்பார். ஆய்வுக்கூடம் இதற்குச் சிரித்து ஓய்ந்துவிட்டது.

‘அவர்’ என்றது பக்கத்து மேஜை மரியதாஸை. அவருக்கும் இதே ஆய்வு, இதே பிடிவாதம். இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷமாகிறது.

ஆய்வு இதுதான். தண்ணீரில் நுண்ணிய சவ்வுகள் மிதக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம். ஆகவே ஒன்றையொன்று தள்ளும். அவற்றை ஒட்ட வைக்க வேண்டும்.

தாணு தண்ணீரை மேலும் மேலும் சுத்தமாக்கிப் பார்த்தார். சுத்தம் கூடக் கூட அவை இன்னும் எட்டத்திலிருந்தே முறைத்துக்கொண்டன. மனுஷர் நொந்துபோயிருந்தார். படிப்பையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார்.

இந்த நேரத்தில்தான் மரியதாஸ், காலியாகக் கிடந்த சுத்த நீர் கேனில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டார். அதுவும் போர்வெல் தண்ணீர். பாத்திரமெல்லாம் சுண்ணாம்பு படியும். தாணு தெரியாமல் அதை ஊற்றிச் சவ்வுகளைக் கலக்கிவிட்டார்.

“எல்லாம் பாழாப்போச்சு. அவரை இன்னைக்கே வேற லேபுக்கு அனுப்பிடுங்க.”

ஜெயசெல்வி கையை மட்டும் நீட்டினார்.

தாணு டெஸ்ட் டியூபைக் கொடுத்தார். எப்போதும் பால் கலந்ததுபோல் மங்கலாக இருக்கும் நீர் தெளிந்திருந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ திரண்டு கிடந்தது.

“இது என்ன சார்?”

“கெட்டுப்போனது.”

குரு அதில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். எழுந்து, நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

தாணு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

சவ்வோடு சவ்வு ஒட்டிக் கிடந்தது. நடுவில் நிற்கும், எதிர் மின்னூட்டம் கொண்ட சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது இந்தப் பக்கம் ஒரு கையும் அந்தப் பக்கம் ஒரு கையும் கொடுத்து நிற்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷத்தில் கண் கலங்கியது.

“நம்ம வளாகத்துல நாலஞ்சு போர் இருக்கே. இது எந்தக் குழாய்த் தண்ணி, மேடம்?”

“எனக்கு எப்படித் தெரியும் சார்? பிடிச்சு வச்சவரைப் போய்க் கேளுங்க.”