ஏரிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

நெட்டேரிப்பட்டில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. அதைச் செலவழிக்கத்தான் யாருக்கும் மனம் வராது. ஊர் ஏரிக் குழுவின் தலைவர் திருமேனி. அவரையும் சேர்த்துக் குழுவில் ஐந்து பேர்.

ஏரியில் மீன் அருகிப்போயிற்று. மீன் முட்டையிடவும் குஞ்சுகள் ஒளியவும் நீருக்கடியில் பாசிச்செடி வேண்டும் என்று ஓர் அதிகாரியம்மா நாற்பது செடிகளைக் கொண்டுவந்தார். அடியில் நட்டு, நன்றாகக் கவனித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு மாதத்தில் தழைக்காவிட்டால் ஏரி பக்கத்து ஊர்க் குழுவின் பொறுப்புக்குப் போய்விடும் என்றும் சொன்னார். பக்கத்து ஊர்க் குழுவுக்குத் தலைவர் திருமேனியின் மைத்துனர். அவர் வாய்க்கு அவலாகத் திருமேனி தயாராயில்லை.

நட்டு முடித்ததும் குழுவில் ஒருவரான சடையப்பன் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

"அண்ணே, செடின்னா தண்ணி ஊத்தணுமில்ல?"

"ஊத்தாம? கிணத்துத் தண்ணியா, ஏரித் தண்ணியாங்கறதுதான் கேள்வி," என்றார் திருமேனி.

பொழுது சாயும்வரை விவாதித்து, செடிக்குப் பழகிய தண்ணீரே நல்லது என்று முடிவு செய்தார்கள். அன்றுமுதல் இரண்டு வேளையும் பரிசலில் போய், ஏரியில் மொண்டு ஏரியில் ஊற்றினார்கள்.

வேர் பிடித்ததா என்று தெரிய வேண்டாமா? தினமும் காலையில் நாற்பதையும் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நட்டார்கள். ஒடிந்த துண்டுகளை, இடம் அசுத்தமாகக் கூடாதென்று, தூர வீசினார்கள்.

மாதக் கடைசியில் நட்ட இடத்தில் ஒரு செடிகூட இல்லை. எதிர்க்கரை ஓரமெல்லாம் நீருக்கடியில் பச்சைப்பசேல் என்று ஏதோ மண்டிக் கிடந்தது. செடியும் போய், களையும் மண்டினால் மைத்துனர் சும்மா விடுவாரா? களையையாவது பறித்துவிடுவோம் என்று ஐவரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கை வைக்கப்போன நேரத்தில் அதிகாரியம்மா கரைக்கு வந்துவிட்டார்.

"எப்படிங்க இவ்வளவு வளர்த்தீங்க?"

"இது களைம்மா," என்றார் திருமேனி தலைகுனிந்து. "உங்க செடி செத்துப்போச்சு."

"இதுதாங்க என் செடி. ஒடிஞ்ச துண்டெல்லாம் வேர் விட்டிருக்கு. ஏரி உங்களுக்குத்தான். அடுத்த மாசம் வர்றேன். அதுவரைக்கும் எதையும் அசைக்காதீங்க, இங்க இருக்கறதெல்லாம் இப்படியே இருக்கட்டும்."

ஜீப் போய்விட்டது. ஐவரும் இடுப்பளவுத் தண்ணீரில், நீட்டிய கை நீட்டியபடி நின்றார்கள்.

வெகுநேரம் கழித்துச் சடையப்பன் உதடு அசையாமல் முனகினார். "அண்ணே, என் மூக்குல ஈ உட்கார்ந்திருக்கு."

திருமேனி யோசித்தார். "அம்மா பாக்கும்போதே இருந்துதா?"

"இருந்துது."

"அப்ப விரட்டாதே."