மாட்டு வைத்தியரும் சிரோமணிப் பட்டமும்

ராஜா மட்டும் யானைமேல் போக, மற்றவரெல்லாம் கால் தேய நடந்த காலம், கேளுங்கள். மேழியூரில் மாரப்பர் என்று ஒரு மாட்டு வைத்தியர் இருந்தார். வாயில்லா ஜீவனுக்குப் பார்க்கும் வைத்தியத்துக்குக் கூலி வாங்கக் கூடாது என்பது அவர் குடும்பத்து வழக்கம். வெற்றிலை பாக்கோடு சரி.

குணமான மாடு நன்றி சொல்லுமா? மாட்டுக்காரனோ, "எல்லாம் மாகாளி புண்ணியம்" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். நம்மைப் பற்றி ஒருத்தராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா என்று மாரப்பர் உள்ளுக்குள் ஏங்கினார். பாவம், யார்தான் ஏங்க மாட்டார்கள்?

ஒருநாள் ஜரிகைத் தலைப்பாகைக்காரன் ஒருவன் வந்தான். ஓலையை விரித்தான். "ஐம்பத்தாறு தேசத்து வைத்தியர் சபை உங்களைச் சிரோமணியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது!" என்று படித்தான்.

மாரப்பருக்குத் தலைகால் புரியவில்லை. என்னைப் பற்றி அங்கே யார் சொன்னது? எந்த மாடு சொன்னது? கேட்க வாயெடுப்பதற்குள், "பெயரைப் பதிய ஒரு காணிக்கை" என்றான் அவன். பித்தளை அண்டா போயிற்று.

அடுத்த மாசம் சால்வை வந்தது, விதைநெல் போயிற்று. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? மாரப்பர் சால்வையைப் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டார்.

மூன்றாம் மாசம் வந்தவன், "சபையில் உங்களுக்கு ஆசனமே போட்டாயிற்று. காணிக்கை அந்தச் செவலைப் பசு" என்றான். வீட்டில் கறவை அது ஒன்றுதான். அதுவும் போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும். மாரப்பர் கயிற்றைப் பிடித்தபடி, கொடுக்கவும் மனசில்லாமல் மறுக்கவும் வாய் வராமல் நின்றார்.

அவர் மனைவி பூவாத்தாள் முன்னே வந்தாள்.

"ஏனுங்க ஐயா, எங்க வீட்டுல இன்னொருத்தரும் இருக்காருங்க. மயிலையார்னு பேரு. பச்சிலையை வாயில வெச்சே இன்னதுன்னு சொல்லாம சொல்லிடுவாரு. தன்னைப் பத்தி ஒருநாளும் பெருமை பேசினதில்லை. அவருக்கும் பட்டம் உண்டுங்களா?"

"மயிலையாரா! ஆகா, மூன்று வருஷமாகச் சபையில் அவர் பேச்சுத்தானே அம்மா!"

அவன் மடியிலிருந்து இன்னொரு ஓலையை எடுத்தான், பெயரை எழுதினான், படித்தான். மாரப்பருக்குப் படித்த அதே வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை.

"நேர்லயே குடுத்திடுங்க" என்று பூவாத்தாள் அவனைக் கட்டுத்தரைக்குக் கூட்டிப்போனாள். அங்கே மயிலைக்காளை சோளத்தட்டை மென்றுகொண்டு நின்றது.

தலைப்பாகைக்காரன் காளையைப் பார்த்தான், ஓலையைப் பார்த்தான், எடுத்தான் ஓட்டம்!

மாரப்பருக்குக் குழப்பம் தீரவில்லை. "ஏ புள்ள, அப்போ என்னைப் பத்திச் சொன்னது ஒண்ணுகூட நெசமில்லையா?"

"காளைக்குச் சொன்னது எவ்வளவு நெசமோ அவ்வளவுதானுங்க" என்றாள் அவள். "ஆனா பொழுது விடிஞ்சா நம்ம வாசல்ல பத்து மாடு நிக்குதே, அதை எந்தச் சபைங்க அனுப்புச்சு?"

மாரப்பர் பசுவைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, வாசலில் காத்திருந்த மாட்டின் வாயைத் திறந்து பார்க்க உட்கார்ந்தார்.

காணிக்கை கேட்டுக்கொண்டு வீடு தேடி வரும் புகழ், நம்முடைய புகழே அல்ல.