இடைவேளையில் எழுந்து போனவர்கள்

செங்குட்டுவனுக்கு நாற்பத்தைந்து வயது. அவருக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த மங்கையர்க்கரசிக்கு முப்பத்தாறு. திருப்பூரில் ஒரு குடோனின் மாடியில் மங்கையர்க்கரசியின் நாடகக் குழு நடந்துவந்தது. வயதில் சின்னவராயிற்றே என்று செங்குட்டுவன் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆசிரியர் என்றால் ஆசிரியர்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

"டீச்சர், பெங்களூர்ல ஒரு கன்சல்டிங் கம்பெனியில வேலை கிடைச்சிருக்குங்க. திங்கக்கிழமை காலையில பதில் சொல்லணும்."

"என்ன வேலைங்க?"

"தடுமாறுற கம்பெனிகளுக்குப் போய், எங்க கோளாறுன்னு பார்த்து, வழி சொல்லணும்."

"நல்ல வேலைதானே. அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

செங்குட்டுவன் தயங்கினார். "இன்டர்வியூ மூணு மணி நேரம் நடந்துச்சு. நேரம் போனதே தெரியலைங்க. அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. அதான் பயமா இருக்கு. அங்க போயிட்டா, எனக்குள்ள எழுதுறவன் செத்துப்போயிடுவானா?"

மங்கையர்க்கரசி ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னைக்கு ஒரு நாள் எனக்கு ஆலோசகரா இருங்க. நம்ம குழுவும் தடுமாறிக்கிட்டுத்தானே இருக்கு."

தடுமாற்றம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செங்குட்டுவன் எழுதிய நாடகம் சனிக்கிழமைதோறும் நடந்தது. அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்புவது முதல் பாதி. அதை இடிப்பது இரண்டாம் பாதி. இடைவேளை விட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நாலு மாதமாக இரண்டாம் பாதியை மாற்றி மாற்றி எழுதி மனுஷன் நொந்துபோயிருந்தார். அழுகையைக் கூட்டினார், பாட்டைச் சேர்த்தார், மாமனாரைக் கொன்றார், மறுவாரம் பிழைக்கவைத்தார். கூட்டம் மட்டும் சொல்லிவைத்தாற்போல் எழுந்து போனது.

"எழுதினவரா உள்ள உட்காராதீங்க. எழுந்து போறவங்க பின்னாடியே போங்க. காரணம் தெரிஞ்சதும் வாங்க," என்றார் மங்கையர்க்கரசி.

அன்று மாலை இடைவேளை மணி அடித்ததும் செங்குட்டுவன் கூட்டத்தோடு படியிறங்கினார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனார்.

மறுநாள் காலை ஒரு தாளோடு வந்தார். முகத்தில் அசடு வழிந்தது.

"நாடகத்துல கோளாறு இல்லைங்க. ஏழு நாற்பதுக்கு டவுன் பஸ். அதை விட்டா ஒன்பதே காலுக்குத்தான். ஆறு மணிக்குத் தொடங்குறதை அஞ்சுக்கு மாத்தினாப் போதும். சனிக்கிழமை ஷிப்டு நாலரைக்கே முடிஞ்சிடுதாம், விசாரிச்சிட்டேன்."

மங்கையர்க்கரசி சிரித்துவிட்டார். "நாலு மாசமா நாடகத்தைப் போட்டு அறுத்தோம். நீங்க ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க. இந்த வேலை உங்களுக்கு வருதுங்க."

"வருதுங்க," என்றார் செங்குட்டுவன். அதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவருக்கே விளங்கவில்லை.

மங்கையர்க்கரசி தாளைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கக் கோணல்மாணலாக எழுதியிருந்தது.

"இது என்ன?"

"அது ஒண்ணுமில்லைங்க. பஸ் ஸ்டாப்புல ரெண்டு பொண்ணுங்க, பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பார்க்கிறவங்க. மீதிக் கதையை அவங்களே பேசிக்கிட்டாங்க. அதைத்தான் எழுதினேன்."

மங்கையர்க்கரசி சத்தமாகப் படித்தார். "சுவத்தையெல்லாம் இடிக்க மாட்டாங்கடி. ஆளுக்கு ஒரு பக்கம் ஆணி அடிச்சுத் துணி காயப்போடுவாங்க. உன் ஆணி என் பக்கம் வந்துடுச்சுன்னு அடுத்த சண்டை வரும். அந்தச் சண்டையிலதான் திரும்பப் பேசிக்குவாங்க."

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "இவ்வளவையும் ஸ்டாப்புலயே பேசினாங்களா?"

"இல்லைங்க. பஸ் வந்துடுச்சு. நானும் ஏறிட்டேன். அவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள மூணு ஸ்டாப் தாண்டிடுச்சு. இறங்கி நடந்து வந்தேன்."

"நம்ம ரெண்டாம் பாதியை விட நல்லா இருக்கு."

"ஆமாங்க," என்றார் செங்குட்டுவன். அதில் அவருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. ஆனால் உடனே முகம் வாடிவிட்டது.

"அந்தக் கம்பெனியில முன்பக்கத்தைத்தான் கேப்பாங்க டீச்சர். பின்பக்கத்தை யாருங்க கேக்கப்போறாங்க?"

மங்கையர்க்கரசி தாளை அவரிடமே நீட்டினார்.

"நான் மட்டும் கேட்டேனா?"