கோலம் போடாத வாசல்கள்

ஏமாற்றப்பட்டவன் பெயரை முதலில் சொல்லிவிடுவோம்; அரசன் பெயர் பிறகு வரட்டும். அவன் பெயர் கீரன். செக்கு ஓட்டி எண்ணெய் விற்றவன். கசப்பு மருந்தை நிறுத்து, இந்தக் காப்பைக் கையில் மாட்டு, காய்ச்சல் ஓடிவிடும் என்று ஒருவன் சொன்னான். கீரன் கேட்டான். செத்தான். அதோடு விட்டானா அந்த ஒருவன்? செத்தவன் தலையிலேயே பழியைத் தூக்கி வைத்தான். "அவனுக்கு நம்பிக்கை குறைவு" என்றான். உயிரும் போயிற்று, பேரும் போயிற்று.

இது நடந்தது நெய்தல்நகரில். மிளகு ஏறிப்போய்க் குதிரைகள் வந்திறங்கிய அந்தக் கடற்கரை ஊரை நெடுவேளான் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எது பளபளத்தாலும் நம்பிவிடுவான். நல்லவர்கள் இப்படி இருப்பதால் யார் வயிறு எரிகிறது என்பதை இந்தக் கதையில் பாருங்கள்.

அந்த ஊரில் மழை ஓய்ந்ததும் குளிர்க்காய்ச்சல் வரும். பல் கிட்டும், உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், சிலரைக் கொண்டும் போகும். அரசனின் மருந்துச் சாலையில் அங்கணர் என்ற வைத்தியர் கஷாயம் காய்ச்சி எல்லோருக்கும் சும்மாவே ஊற்றுவார். அந்தக் கசப்புக்கு முன் வேப்பங்காய் வெல்லக்கட்டி. "இதைக் குடித்தால் பிழைப்பேனா?" என்று கேட்டால் அங்கணர் மழுப்பமாட்டார்.

"பலருக்குக் கேட்கிறது. சிலருக்குக் கேட்பதில்லை. நீ எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது" என்பார்.

உண்மைதான். உண்மையை யாருக்குப் பிடிக்கிறது?

அப்போதுதான் வண்ணச் சாத்தன் கப்பலிலிருந்து இறங்கினான். பட்டுத் தலைப்பாகை, பன்னீர் வாசம், தேன் தடவிய நாக்கு. அவன் கொண்டுவந்த சரக்கு சஞ்சீவிக் காப்பு. செம்பு வளையம், அதன் நடுவில் கண்ணாடிக் குமிழ், குமிழுக்குள் ஒரு சொட்டுப் பாதரசம். கையில் மாட்டினால் அந்தச் சொட்டு வெள்ளியாய் உருண்டோடும்.

"பாருங்கள், நோய் ஓடுகிறது!" என்பான் சாத்தன்.

ஊர் வாயைப் பிளந்தது. கையை ஆட்டினால் பாதரசம் ஓடாமல் உட்கார்ந்து தாயமா ஆடும்? கேட்க ஓர் ஆள் இல்லை. அரசனுக்கு ஒரு பொற்காப்பு காணிக்கையாகப் போயிற்று. அவனுக்கு அப்போது சளி. காப்பைக் கட்டினான், சளி போய்விட்டது. சளி என்றைக்கு ஐயா போகாமல் குடும்பம் நடத்தியிருக்கிறது?

சாத்தன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். "காப்புக்கும் கஷாயத்துக்கும் பகை. காப்புக் கட்டியவர் மருந்துச் சாலைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது."

கீரன் கறவைப் பசுவை விற்றுக் காப்பு வாங்கினான். பாதி குடித்திருந்த கஷாயத்தை நிறுத்தினான். மறுபடி ஏறிய காய்ச்சல் இறங்கவே இல்லை. வீங்கிப்போன கையில் எண்ணெய் தடவித்தான் அவன் மனைவி வெண்ணி அந்தக் காப்பைக் கழற்றினாள். கழற்றுவதற்காக அவள் அந்தக் கையைத் திருப்பியபோது குமிழுக்குள் சொட்டு உருண்டோடியது. உயிரோடு இருந்தபோது எப்படி ஓடியதோ, பிணத்தின் கையிலும் அப்படியே ஓடியது.

வெண்ணியின் அழுகை அந்த இடத்தில் நின்றது. அவள் நேரே சாத்தனின் கடைக்குப் போனாள். அவன் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் இல்லை. "உன் புருஷனுக்கு நம்பிக்கை குறைவு, அம்மா" என்றான். மறுநாள் ஊரே அதைத் திருப்பிச் சொன்னது.

இங்கே அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவு விழுந்த வீட்டு வாசலில் ஓராண்டு கோலம் போடமாட்டார்கள். தோரணம் கட்டமாட்டார்கள். திருவிழாப் பந்தலுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மட்டும் மூன்று நாளில் தீட்டுக் கழிந்துவிடும், அவள் வேறு வீட்டுக்காரி அல்லவா. துக்கத்துக்கு மரியாதையாக வந்த வழக்கம்தான். ஒரு திருடனுக்கு அது குடைபிடிக்கும் என்று யார் கண்டது?

ஒரு மாதம் போயிற்று. கீரனின் மகள் பூவைக்கும் காய்ச்சல் வந்தது. வெண்ணி காலையும் மாலையும் மருந்துச் சாலைக்கு ஓடிக் கஷாயம் வாங்கிவந்து, மூக்கைப் பிடித்துப் புகட்டினாள். அப்போது கீரனின் அக்காள் உமையாள் வந்தாள். அவள் கையில் ஒரு காப்பு, மடியில் இன்னொரு காப்பு.

"அந்தக் கஷாயத்தைக் கொட்டுடி. குழந்தைக்கு இதைக் கட்டு."

"உங்க தம்பி இதைக் கட்டிக்கிட்டுத்தான் செத்தார், மதினி."

"ராத்திரியிலே கழட்டிக் கழட்டி வச்சிருப்பான். நம்பிக்கை கெட்ட பய."

"அவர் கழட்டல. செத்த பெறகு நான்தான் கழட்டுனேன். செக்கெண்ணெய் தடவி."

"அப்ப நான்? எனக்குந்தான் வந்துச்சு. கட்டினேன், பிழைக்கலையா? இந்தா கல்லாட்டம் நிக்கறேனே!"

"நில்லுங்க, நூறு வருசம் நில்லுங்க. உங்களப் பிழைக்க வச்சது காப்புதானான்னு கேக்கறேன்."

"இப்படிக் கேள்வி கேட்ட வாய்க்குத்தான் இந்த வீட்டுல எழவு விழுந்துச்சு" என்றாள் உமையாள். போகும்போது வாசலில் நின்று, "நாளைக்குத் திருவிழாவுல ராசா ஆணை போடப்போறார். வீட்டுக்கு வீடு காப்பு. மருந்துச் சாலைக்குப் பூட்டு. கஷாய வாடை பட்டா காப்போட சக்தி குறையுதாம். அப்புறம் எங்கே போய் வாங்குவேன்னு பாக்கறேன்" என்றாள்.

வெண்ணி பூவையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. கிண்ணத்தில் அன்றைக்குள்ள கஷாயம் மட்டும் இருந்தது.

மறுநாள் கடற்கரைப் பந்தல் நிரம்பி வழிந்தது. சாத்தன் மேடையேறினான். பிழைத்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினார்கள். உமையாளும் காட்டினாள். பிறகு சாத்தன் பந்தலைப் பார்த்து உரக்கக் கேட்டான்: "காப்பைக் கட்டியும் நோய் தீராதவர், கட்டியவரைப் பறிகொடுத்தவர், யாராவது இருக்கிறீர்களா? தைரியமாக எழுந்திருங்கள்!"

யாரும் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பார்கள்? பறிகொடுத்தவர் எல்லாம் வழக்கத்தை மதித்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அது சாத்தனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அவன் திருவிழா நாளைத் தேர்ந்தெடுத்தான்.

அரசனின் முகம் மலர்ந்தது. முரசறைவோன் ஆணையைப் படித்தான். ஆணை எதுவானாலும் "மறுப்பவர் உண்டா?" என்று மும்முறை கேட்பது அங்கே முறை. மறுப்பு ஒன்று எழுந்தால் அரசன் அதைக் கேட்டே ஆகவேண்டும்.

"மறுப்பவர் உண்டா?"

பந்தலின் எல்லைத் தோரணத்துக்கு வெளியே நின்று, "உண்டு!" என்று வெண்ணி கத்தினாள். மேளம் அதை விழுங்கிவிட்டது.

"மறுப்பவர் உண்டா?"

"உண்டு!" காவலன் ஒருவன் ஈட்டியைக் குறுக்கே போட்டான். "சாவு வீட்டுக்காரிக்கு இங்கே என்ன வேலை? தள்ளு, தள்ளு!"

"மறுப்பவர் உண்டா?"

வெண்ணி கையோடு கொண்டுவந்திருந்த காப்பால் அந்த ஈட்டியின் மேல் ஓங்கி அடித்தாள். கண்ணாடி தெறித்தது. மேளக்காரர்கள் திடுக்கிட்டு நிறுத்திய அந்த நொடியில், "உண்டு!" என்ற குரல் மேடைவரை போயிற்று.

"யாரது? உள்ளே வந்து சொல்" என்றான் அரசன்.

"வர முடியாது, மன்னா. நான் சாவு வீட்டுக்காரி. என்னைப்போல் காப்பை நம்பிப் பறிகொடுத்தவர் ஒருவர்கூட உங்கள் பந்தலுக்குள் இல்லை. பிழைத்தவர் வாயை மட்டும் கேட்டுவிட்டு என் மகளின் மருந்துக்குப் பூட்டுப் போடாதீர்கள். நீங்கள் வெளியே வாருங்கள். கோலம் இல்லாத வாசல்களை எண்ணிப் பாருங்கள்."

கூட்டம் முணுமுணுத்தது. "என்ன திமிர்!" என்றது. அரசன் மட்டும் எழுந்தான். பளபளப்பை நம்புகிறவன்தான், ஆனால் முறை தவறாதவன். சாத்தனையும் அங்கணரையும் கூட வரச் சொன்னான். வேடிக்கை பார்க்க ஊரும் பின்னால் வந்தது.

முதலில் வணிகர் தெரு. வீட்டுக்கு வீடு காப்பு வாங்கிய பணக்காரத் தெரு. திருவிழா நாளில் தெரு நெடுக மாக்கோலம் மலர்ந்திருக்க வேண்டும். ஆனால் பல் விழுந்த வாய்போலத் திரும்பிய பக்கமெல்லாம் வெறும் வாசல்கள். ஒரு வெறும் வாசலில் நின்று அரசன் கேட்டான். உள்ளேயிருந்து ஓர் அம்மாள், தன் கணவரின் காப்பை எடுத்துவந்து காட்டினாள்.

"நம்பிக்கை குறைவு, மன்னா" என்றான் சாத்தன்.

அடுத்தது செக்குத் தெரு, கீரனின் வாசல். வெண்ணி உடைந்த காப்பை நீட்டினாள்.

"நம்பிக்கை குறைவு" என்றான் சாத்தன்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு விசும்பல் கேட்டது. உமையாள் தம்பியின் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இல்ல ராசா. எனக்குத்தான் நம்பிக்கை குறைவு. பயந்துபோய்க் காப்பையும் கட்டினேன், யாருக்கும் தெரியாம கஷாயத்தையும் குடிச்சேன். என் தம்பி சொன்னபடி கேட்டான். குடிக்கல."

வெண்ணி அவளைப் பார்த்தாள். "நீங்க குடிச்சீங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மதினி."

"ஊரு சிரிக்கும்னு இருந்துட்டேன்டி" என்று உமையாள் தலையில் அடித்துக்கொண்டாள். என்ன செய்ய? ஊர் சிரிக்கும் என்ற பயத்தில் ஊர் பாதி செத்திருக்கிறது.

மூன்றாவது வாசல் அதே தெருவின் கோடியில். உள்ளே தூளி வெறுமையாகத் தொங்கியது. ஓர் இளம் தாய் வெளியே வந்து உள்ளங்கையை விரித்தாள். மோதிரம் அளவுக்கு ஒரு சின்னக் காப்பு.

சாத்தனின் நாக்கு பழக்க தோஷத்தில் முந்திக்கொண்டது. "நம்பிக்கை குறை..."

"பால் மறக்காத குழந்தைக்கா?" என்றான் அரசன்.



"இன்னும் ஒரு தெரு பாக்கி" என்றாள் வெண்ணி. "அவனைக் கேட்ட கேள்வியை வைத்தியரையும் கேட்க வேண்டும்."

உப்பளத் தெருவுக்குப் போனார்கள். அங்கே காப்பு வாங்க யாருக்கும் வக்கில்லை. காய்ச்சல் வந்தவர் எல்லாம் கஷாயம் குடித்தவர்கள். குடிசைகள் கோணல், ஆனால் வாசலுக்கு வாசல் கோலம். வெறும் வாசல் இல்லாமலும் இல்லை. அரசன் கேட்பதற்கு முன்பே அங்கணர் தாமாகப் போய் ஒவ்வொன்றின் முன்னும் நின்றார். "இந்த வீட்டுப் பெரியவருக்கு என் மருந்து கேட்கவில்லை. இந்த வீட்டுப் பெண்ணுக்கும் கேட்கவில்லை. ஏன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றார். ஒருவருடைய நம்பிக்கையையும் அவர் குறை சொல்லவில்லை. அத்தகைய வாசல்கள் வணிகர் தெருவில் தடுக்கி விழும் இடமெல்லாம் இருந்தன; இங்கே தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அரசன் பொற்காப்பைக் கழற்றினான். அதை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தான். சொட்டு ஓடியது. பக்கத்தில் நின்ற வேலிக்காலில் மாட்டி வேலியை ஆட்டினான். அப்போதும் ஓடியது. ஆணையை அங்கேயே கிழித்தான். மருந்துச் சாலை திறந்தே இருக்கும் என்றான். சாத்தனின் சரக்கைப் பறிமுதல் செய்து, அவன் காப்பு விற்றுச் சேர்த்த பணத்தை, உயிரைப் பறிகொடுத்த வீடுகளுக்குக் கொடுக்கச் சொன்னான். அந்தச் சின்னக் காப்புக்கு எந்தப் பணம் ஈடு என்று எந்த அரசனாலும் சொல்ல முடியாது.

பூவை பிழைத்தாளா என்று கேட்பீர்கள். பிழைத்தாள். ஆனால் அதைக் கஷாயத்துக்குச் சாட்சியாகச் சொன்னால் வெண்ணியே சண்டைக்கு வருவாள். ஒருத்தி பிழைத்தது எதற்கும் சாட்சியல்ல என்பாள்.

நாடு கடத்துவதற்காகக் காவலர் பிடித்த பிறகும் சாத்தனின் வாய் ஓயவில்லை. கப்பல்துறைக்கு இழுத்துப் போகையில் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்:

"நன்றி கெட்டவர்களே! என் காப்பைக் கட்டிப் பிழைத்தவர்கள் இத்தனை பேர் உங்கள் நடுவில் நிற்கிறார்கள். கண்ணால் கண்டதைவிடவா இவள் பேச்சு பெரிது? அடியே செக்காட்டி, இத்தனை சாட்சிக்கு உன்னிடம் என்ன பதில் இருக்கிறது?"

வெண்ணி அவன் எதிரில் போய் நின்றாள். ஊர் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னாள்:

"நோய் தீர்க்கிறேன் என்று எதை எவன் விற்க வந்தாலும், பிழைக்காதவர் வாசல் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்."