பதினோராவது மதகு

"எப்பம்மா நிறுத்துறது?"

மாசிலாமணி வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. மனுஷன் அவ்வளவு நொந்து போயிருந்தார்.

பூரணியம்மாள் சாலை பிரிகிற இடத்துச் சாவடியில் உட்கார்ந்து, அறுந்த செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் நாட்டில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் குழம்பிப் போனால் அவளைத் தேடித்தான் வருவார்கள்.

"எதை?" என்றாள்.

"ஓட்டுக் கேக்கிறதை."

அந்த நாட்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் பதவிக்குத் தென்கரைக்காரர்கள் ஒருவரை நிறுத்துவார்கள், வடகரைக்காரர்கள் ஒருவரை. யாரை நிறுத்துவது என்று முதலில் தங்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். தென்கரையில் பன்னிரண்டு ஊர். இன்றைக்கு ஓர் ஊர், நாலு நாள் கழித்து அடுத்த ஊர் என்று, ஊர் மண்டபத்தில் போட்டி போடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு குடம் வைப்பார்கள். ஜனங்கள் பிடித்தவர் குடத்தில் புளியங்கொட்டை போடுவார்கள். விலகுகிறவர் தானே சபைக்கு வந்து, எல்லோரும் பார்க்கத் தன் குடத்தைக் கவிழ்க்க வேண்டும். அந்த அவமானத்துக்குப் பயந்தே பல பேர் கடைசி ஊர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள்.

எட்டு ஊர் முடிந்திருந்தது. ஏழில் ஜெயித்தது செண்பகவல்லி. ஒன்றே ஒன்றில் மாசிலாமணி. அதுவும் அவர் மாமனார் ஊர்.

"இன்னும் நாலு ஊர் இருக்கேம்மா."

"இருக்கு."

"நாலையும் ஜெயிச்சாலும்..."

"ஜெயிச்சாலும்?"

"பத்தாது," என்றார் மெதுவாக. "என் ஆளுங்களே சொல்றாங்க, நீங்க ரெண்டு பேரும் இப்படியே மல்லுக்கட்டினா வடகரைக்காரன் நோகாம வந்து உக்காந்துடுவான்னு. அவன் வந்தா வாய்க்கால் கிடையாது. வெட்டினதையும் மூடிடுவேன்னு சொல்லிட்டான்."

"அப்புறம் என்ன யோசனை?"

"ஒன்பது வருஷம்மா! மலையடி ஏரியிலேருந்து வறண்ட ஊருக்கெல்லாம் தண்ணி. பதினொரு மதகு. யாரும் வாய் திறக்காத காலத்துல நான்தான் முதல்ல சொன்னேன். நடக்காத ஊர் இல்லை. நான் விலகினா அந்த வாய்க்கால் என்னோட செத்துடும். அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

அவள் வாரை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"பதினொண்ணா?"

மாசிலாமணிக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? வரைபடத்துல பத்துதான். முதல் கூட்டத்துல வாய் தவறிப் பதினொண்ணுன்னுட்டேன். ஜனங்க கை தட்டிட்டாங்க. அப்புறம் மாத்திச் சொல்ல வெக்கமா இருந்துது. அப்படியே ஓட்டிட்டேன்."

மேடை ஏறுகிறவர்களைத் தவிர இந்தக் காரியத்தை வேறு யார் செய்வார்கள், சொல்லுங்கள்!

பூரணியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"தலைப்பாகையைக் கழட்டி வைங்க. இந்தத் துண்டைப் போத்திக்கங்க."

"எங்கே போறோம்?"

"கூட்டத்துக்கு."

"யாரோட கூட்டத்துக்கு?"

அவள் அதற்குள் சாலையில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆற்று மணலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பிற்பகல் வெயில் கொளுத்தியது. மாசிலாமணி துண்டை இழுத்து முகத்தை மறைத்தார். மறைக்கத் தேவையே இல்லை. தலைப்பாகை இல்லாத அவரை ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதுவே அவருக்குச் சுருக்கென்றது.

மேடையில் செண்பகவல்லி நின்றாள்.

"வாய்க்கால் வரும்! மதகு எங்கெங்கேன்னு எண்ணிக்கங்க. ஒண்ணு, ஆவாரங்காடு!"

ஆவாரங்காட்டு ஜனங்கள் எழுந்து கத்தினார்கள்.

"ரெண்டு, செம்மண்பட்டி!"

இன்னொரு பக்கம் எழுந்தது.

மாசிலாமணிக்கு ரத்தம் கொதித்தது. என் வாய்க்கால். என் பேச்சு. ஊர் வரிசைகூட நான் போட்ட வரிசை. திருடி!

அவர் விருட்டென்று எழுந்தார்.

"உக்காருங்க," என்றாள் பூரணியம்மாள். "பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குது."

உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். எட்டு, ஒன்பது, பத்து. பத்தோடு சரக்கு தீர்ந்தது. இனி வசமாக மாட்டப் போகிறாள் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். சும்மா சொல்லக் கூடாது, இருந்தது.

"பதினொண்ணு," என்று சொல்லிவிட்டு செண்பகவல்லி கொஞ்சம் நிறுத்தினாள்.

"இந்தக் கணக்கு என்னோடது இல்லை. மாசிலாமணி ஐயாவோடது. பத்து எங்கேன்னு அவரே சொல்லியிருக்கார். பதினொண்ணாவது எங்கேன்னு எந்த மேடையிலயும் சொன்னதில்லை. அவர் காரணம் இல்லாம ஒரு வார்த்தை பேச மாட்டார்னு எனக்குத் தெரியும். அதனால கயிறு பிடிச்சு மூணு மாசம் அளந்தோம். கிடைச்சுது. கள்ளிமேட்டுக்குப் பின்னால நிலம் சரியுது. தண்ணி தானா ஓடும்."

கள்ளிமேடு என்ற பேரை எந்த மேடையிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மாசிலாமணிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஆள் தடுமாறி எழுந்தான்.

"எங்க ஊரா?" என்றான். "எங்க ஊரையா சொன்னாங்க?"

அவன் கேட்டது மாசிலாமணியைத்தான். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவனுக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் எழுந்தார்கள். அவர்களுக்காக ஆவாரங்காடு எழுந்தது. செம்மண்பட்டி எழுந்தது. மொத்தக் கூட்டமும் எழுந்து, கள்ளிமேடு கள்ளிமேடு என்று போட்ட சத்தத்தில் கால் கீழ் மணல் அதிர்ந்தது.

மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒன்பது வருஷமாக இந்தச் சத்தத்தை மேடை மேலிருந்துதான் கேட்டிருக்கிறார். கீழே, மணலில், நடுவில் நின்று கேட்டதேயில்லை. அம்மாடி, எவ்வளவு பெரிசு! வாய் தவறி விழுந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை பேர் சேர்ந்து இடம் தேடியிருக்கிறார்களே. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தன் பாட்டுக்கு வழிந்தது. துண்டு தோளிலிருந்து நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

கள்ளிமேட்டுக்காரன் மூக்கைச் சிந்திப்போட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நாளைக்குக் குடம் வைக்கிறாங்களே, நீங்க யாருக்குப் போடப் போறீங்க?"

பூரணியம்மாள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"செண்பகவல்லிக்கு," என்றார் மாசிலாமணி.